சாயக் கம்பெனி ஆண்டு விழா: ஜீரோ டிஸ்சார்ஜை மேடையில் எப்படிப் புரியவைப்பது?

நொய்யல்கரை:
திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றின் ஆண்டு விழா. தொழிலாளர் குடும்பங்கள், பேங்க்காரர்கள், வெளியூர் பையர்கள் வருகிறார்கள். எங்க ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது) சுத்திகரிப்பு பிளான்ட் பற்றி 10 நிமிடம் பேசணும். கையில் ஃப்ளோ சார்ட் மட்டும்தான் இருக்கு. போதுமா?

உப்புக்கணக்கு:
ஃப்ளோ சார்ட்டை விட்டுடுங்க. சாயக்கழிவு என்றாலே ஜனங்களுக்குக் கலர்தான் நினைவு வரும். கலரை எடுத்துவிடலாம், படுத்துவது உப்புதான். அதை மட்டும் பேசுங்க.

தண்ணீரில் காட்டனுக்கு நெகட்டிவ் சார்ஜ், காட்டனுக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு போட்டால்தான் சாயம் துணியை நெருங்கும். டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம், லிக்கர் ரேஷியோ 1:6 (ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர்) என்று வைத்தால் 100 கிலோ துணிக்கு 36 கிலோ உப்பு. 200 கிராம் டி-ஷர்ட் ஒன்றுக்கு 72 கிராம். கறுப்பு டி-ஷர்ட் ஒன்றைத் தூக்கிக் காட்டி, பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் 72 கிராம் உப்பைக் கொட்டுங்க. துணியில் இது தங்காது, அலசும்போது மொத்தமும் தண்ணீரோடு வந்துவிடும் என்று சொல்லுங்க.

மெம்பிரேன்:
அடுத்து இரண்டு டம்ளர். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு கரைத்தது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். எது நல்ல தண்ணீர் என்று குழந்தைகளைக் கேட்டுவிட்டு டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது) விடுங்க. உப்புத் தண்ணீரில் மீட்டருக்குத் தக்கபடி 4500 முதல் 6000 வரை காட்டும். கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கான பொதுவான வரம்பே லிட்டருக்கு 2100 மில்லிகிராம்தான்.

ஆர்.ஓ. தண்ணீரில் முதலில் வைக்கணும். உப்பில் நனைந்த மீட்டர் அங்கே தப்பு ரீடிங் காட்டும். டையிங் பாத் (சாயம் ஏற்றும் தொட்டி) தண்ணீரில் விடவே வேண்டாம். பேனா மீட்டர் பெரும்பாலும் 9990 வரைக்கும்தான், எர்ரர் வந்து நிற்கும்.

நொய்யல்கரை:
மீட்டர் எண் கடைசி வரிசைக்குத் தெரியாதே?

மெம்பிரேன்:
9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர், இரண்டு ஒயர். ஒயர் நுனிகள் தண்ணீருக்குள். உப்புத் தண்ணீரில் கத்தும், மைக்கைப் பக்கத்தில் பிடியுங்க. அமைதி காட்ட டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கோங்க, ஆர்.ஓ. தண்ணீரில் சில பஸ்ஸர் லேசாக முனகும். 230 வோல்ட் பல்பு வைத்து யாரும் செய்யக்கூடாது.

உப்புக்கணக்கு:
இன்னொன்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது ஊருக்கே தெரியும், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும் தெரியும். அதை மறைத்துப் பேசினால் மீதி எதையும் நம்ப மாட்டார்கள். எவாப்பரேட்டரில் (தண்ணீரை ஆவியாக்கும் இயந்திரம்) பிரிகிற கலப்பு உப்பு எங்கே போகுது என்று பையர் கட்டாயம் கேட்பார். மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடந்தால் அப்படியே சொல்லுங்க. இன்றைய இருப்பு எத்தனை டன் என்று பிளான்ட் ஆபரேட்டரிடம் முந்தின நாளே எழுதி வாங்கிவிடுங்க.