கொரங்காட்டை வரைந்தால் வெறும் அட்டையாகக் கிடக்கிறது, என்ன செய்ய?

காங்கேயத்தான்:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரஷ் பிடிக்கிறவன். ஊதியூர் பக்கம் இருக்கும் எங்கள் கொரங்காட்டை, அதாவது ஆடு மாடு மேயும் வேலி கட்டின மேய்ச்சல் காட்டை, ஒரு வருசமாக வரைந்து பார்க்கிறேன். கிளுவை வேலி, நாலு வெள்வேல மரம், காய்ந்த கொழுக்கட்டைப்புல், அவ்வளவுதான். முடித்துப் பார்த்தால் உயிரே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடம் காட்டினேன். "ஒரு அருவி, ரெண்டு மயில் சேர்த்துக் குடுங்க, மாட்டிக்கலாம்" என்றார்.

போன வாரம் அன்டோனின் ஸ்லாவிச்செக் என்ற செக் ஓவியரின் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மங்கின வானம், புல், தாழ்ந்த வீடுகள். ஆனால் பார்வையை எடுக்க முடியவில்லை. இவர் யாருங்க? எப்படிச் செய்தார்?

ட்ராயிங் மாஸ்டர் (ஓய்வு), கோபி:
தம்பி, நீங்கள் பார்த்தது அநேகமாக 1904இல் அவர் வரைந்த படம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'காமெனிச்கியில், நம்ம பக்கம்' என்று வரும். இத்தனைக்கும் காமெனிச்கி அவர் ஊரே இல்லை. 1870இல் பிராகில் பிறந்தவர். அங்கே கலைக்கழகத்தில் யூலியஸ் மார்ஷாக்கிடம் நிலக்காட்சி படித்தார். 1899இல் மார்ஷாக் இறந்ததும் வகுப்பைக் கொஞ்ச காலம் இவர்தான் பார்த்துக்கொண்டார், ஆனால் அந்த வேலை நிரந்தரமாக இவருக்குக் கிடைக்கவில்லை. (வாத்தியார் வேலைக்குக் காத்திருப்பது எனக்கும் தெரியும், விடுங்கள்.)

1903லிருந்து மூன்று வருசம் கோடைக்கு காமெனிச்கி. கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேலே, குளிரும் காற்றும் அடிக்கிற ஏழை ஊர். 'காமென்' என்றால் அவர்கள் மொழியில் கல். நம்ம காட்டுக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனதால்தான் 'நம்ம பக்கம்' என்று எழுத அவருக்கு வாய் வந்தது.

உங்கள் படத்தைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வானத்துக்கு ஒரு நீல வாஷ் (தண்ணியாகக் கரைத்த மெல்லிய பூச்சு) அடித்துவிட்டு, மரத்துக்குத்தான் நேரம் செலவழித்திருப்பீர்கள். ஸ்லாவிச்செக்கிடம் வானத்தின் சாம்பல் நிறம் புல்லுக்குள்ளும் இறங்கியிருக்கும். அப்புறம், கொழுக்கட்டைப்புல் பழுப்பு இல்லை. மாசி மாதம் சாயங்காலம் அஞ்சரைக்குக் குத்தவைத்துப் பாருங்கள்: நுனி வெள்ளி, நடுவில் வைக்கோல் மஞ்சள், அடியில் செம்மண் பட்டு ஒரு கத்திரிப்பூ நிறம். போட்டோ பார்த்து வரைந்தால் அந்த அடி நிறம் கிடைக்காது.

சென்னிமலைக்காரி:
மாஸ்டர் டெம்பராவைச் சொல்லாமல் விட்டுட்டீங்க. முட்டை மாதிரி ஒரு பசையில் கலக்கிற வண்ணம், சீக்கிரம் காயும். 1897இல் அவர் வரைந்த பிர்ச் மரத்தோப்பே டெம்பராதான். எண்ணெய் வண்ணம்போல் இழுத்து மழுப்ப முடியாது, சின்னச் சின்னக் கோடாக வைத்துக்கொண்டே போகணும். காற்றில் ஆடுகிற புல்லுக்கு அது நல்ல தோது. அண்ணா, நம்ம வெயிலுக்கு இன்னும் வேகமாகக் காயும், தட்டில் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைச்சுக்குங்க.

அவர் கடைசிக் காலம் பாவமுங்க. 1909இல் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் வரைந்து பார்த்தார். 1910 பிப்ரவரியில் போய்விட்டார், நாற்பதுகூட ஆகவில்லை. பின்னாளில் அவர் மனைவி மணந்த ஹெர்பர்ட்டும் ஓவியர்தான், செக்கோஸ்லோவாகியாவின் முதல் ஜனாதிபதி மசாரிக்கின் மகன்.

காங்கேயத்தான்:
மாஸ்டர், வானத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே சரி. நீல வாஷ்தான் அடித்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் போட்டோ இல்லாமல் காட்டுக்கே போனேன். கத்திரிப்பூ நிறம் இருக்குங்க! இருபது நிமிசம்தான் நின்றது, அதற்குள் பக்கத்துக் காட்டு ஆடு வந்து என் தண்ணி டப்பாவைக் கவிழ்த்துவிட்டது. பாதி வானமும் வேலி ஓரமும் மட்டும் முடிந்தது. வீட்டில் காட்டினால், "நம்ம காடேதான், ஆனா மழை வர்ற மாதிரி ஏன் போட்டிருக்கறீங்க?" என்கிறாள். மழையெல்லாம் நான் போடவில்லை. சாம்பல் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது போல. அடுத்த ஞாயிறு பார்க்கணும்.