வீட்டில் தெள்ளுப்பூச்சி: பட்டவர்கள் சொல்லுங்கள்

பரண்வீட்டுக்காரன்:
கோடை லீவு முடிந்து ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தோம். ஹாலில் கால் வைத்ததுமே கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி. குனிந்தால் வேட்டி ஓரத்தில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள், தொடப் போனால் துள்ளுகின்றன. பரணில் தெருப்பூனை குட்டி போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பூனையும் இல்லை, ஆளும் இல்லை. அத்தனை நாள் எதைக் குடித்து உயிரோடு இருந்தன?

தாம்பரம் அக்கா:
எங்கள் நாய்க்கும் வந்தது. காதுக்குள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, சுவரில் எல்லாம் ஊர்ந்தது. வேப்பெண்ணெய் தடவினேன், போயே போச்சு. மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

மூன்று பூனை வீடு:
அக்கா, கோபிக்காதீர்கள், சுவரில் ஊர்ந்தது உண்ணி. தெள்ளு துள்ளும், உண்ணி துள்ளாது. எனக்கும் முதலில் சந்தேகம்தான். பேன்சீப்பால் பூனையின் வால் அடியில் வாரி, விழுந்த கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வைத்தேன். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது. அத்தனையும் பூனையின் ரத்தம், தெள்ளின் எச்சமாக.

பரண்வீட்டுக்காரரே, அவை ஒன்றும் குடிக்கவில்லை, கூட்டுக்குள் இருந்தன. முட்டை பூனை மேல் நிற்காது, தரையில் உதிரும். புழு இடுக்கில் வளர்ந்து கூடு கட்டும். உள்ளே மாதக்கணக்கில் கிடக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று பட்டதும் வெளியே வரும். நீங்கள் கதவைத் திறந்ததுதான் அதற்கு அழைப்பு. ஆகவே பரண், சோபா இடுக்கு, கட்டிலடி எல்லாம் தினமும் வாக்யூம் போடுங்கள், பையை உடனே வெளியே கொட்டுங்கள். விரிப்புகளைக் கொதிக்கிற சூட்டில் துவையுங்கள். பூனை, நாய் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் டாக்டர் தரும் மருந்து. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் விடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. கேட்காததையும் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

கீழ்வீடு:
மருந்தடிக்கிற ஆள் வந்து போன மறுவாரமே திரும்பக் கடி. அவரோடு ஒரே சண்டை. கூட்டுக்குள் மருந்து போகாது, மிச்சம் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். சாக்கு என்று நினைத்தேன். வெள்ளை சாக்ஸ் போட்டு நடந்து பார்க்கச் சொன்னார். முதலில் சாக்ஸ் முழுக்கப் புள்ளி, போகப் போக ஒன்றிரண்டுதான்.

தாம்பரம் அக்கா:
உண்ணியோ தெள்ளோ, என் நாய் சொறிவதை நிறுத்தியது. சரி, அந்தப் பேன்சீப்பு பிளாஸ்டிக்கா, இரும்பா?