தட்டம்மை ஒரு தடவையோடு சரி, சளி மட்டும் ஏன் விடுவதில்லை?

மழைக்குருவி:
எனக்குச் சின்ன வயதில் தட்டம்மை வந்தது, அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்கிறார்கள், சரி, சளி விஷயத்தில் மட்டும் அந்த ஞாபகம் எங்கே போகிறது? என் நான்கு வயதுப் பையனுக்கு ஒரு சளி முடிந்து மூக்கு காய்வதற்குள் அடுத்தது ஆரம்பிக்கிறது. எதிர்ப்பு சக்தி குறைவு, அதைக் கூட்டுகிற சிரப் கொடுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நிஜமாகவே குறைவா, இல்லை சளியின் குணமே இதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கண்ணாடிக்குடுவை:
ஞாபகம் எங்கேயும் போகவில்லை. நாம் சளி என்று ஒரே பெயரில் கூப்பிடுவது ஒரே நோய் இல்லை. ரைனோவைரஸில் மட்டும் 160க்கு மேல் வகைகள் இருக்கின்றன, அதுபோக அடினோவைரஸ், ஆர்எஸ்வி, சாதாரண சளியோடு நின்றுவிடுகிற நான்கு கொரோனா வைரஸ்கள் என்று பெரிய கூட்டமே உண்டு. போன மாதம் வந்ததை எதிர்க்க உடம்பு தயாரித்த ஆன்டிபாடி இந்த மாதம் வந்ததன் மேல் சரியாக ஒட்டாது, வெளிப்புறப் புரதத்தின் வடிவம் வேறு. பையனின் உடம்பு ஒவ்வொன்றையும் முதல் தடவையாகச் சந்தித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 சளி வரைக்கும் சாதாரணம்.

தட்டம்மை வைரஸ் அப்படி வேஷம் மாற்றுவதில்லை. செல்லுக்குள் நுழைய அது நம்பியிருக்கும் புரதத்தில் பெரிதாகக் கை வைத்தால் அதற்கு நுழையவே வராது, அதனால் எதிர்ப்பு சக்தியின் கண்ணுக்கு உலகம் முழுக்க அது ஒரே வகை. 1846இல் வட அட்லாண்டிக்கில் இருக்கிற ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பீட்டர் பானும் என்கிற டேனிஷ் மருத்துவரை அனுப்பினார்கள். அதற்கு முன் அங்கே அது வந்தது 1781இல், நடுவே 65 வருடம் வரவே இல்லை. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் வரை படுத்துவிட்டார்கள். ஆனால் 1781இல் வந்து பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாவது தடவை வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். ஆன்டிபாடி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம் அது!

ஒத்தையடிப்பாதை:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். அதே வைரஸே திரும்ப வந்தாலும் சளி பிடிக்கும், அந்த நான்கு கொரோனாக்களில் ஒன்று ஒரு வருடம் கழித்து அதே ஆளை மறுபடி பிடிப்பது சகஜம். காரணம் நேரமும் இடமும். பழைய கிருமியை ஞாபகம் வைத்திருக்கிற நினைவு செல்கள் விழித்து, பெருகி, ஆன்டிபாடியை அள்ளி விடச் சில நாட்கள் ஆகும். சளி வைரஸ் மூக்கில் இறங்கி ஓரிரு நாளிலேயே வேலையைக் காட்டிவிடும், அதாவது திருடன் போன பிறகு வருகிற போலீஸ் கதை. தட்டம்மைக்கு அவசரமில்லை, நுரையீரலில் ஆரம்பித்து நிணநீர்க்கணு, இரத்தம் என்று சுற்றிவிட்டுக் காய்ச்சலாக வெளியே வருவதற்கே 10 நாள் போல ஆகிவிடும், அதற்குள் பழைய நினைவு முழு வேகத்தில் எழுந்து அதை மடக்கிவிடும். இதுபோக, தட்டம்மை ஆன்டிபாடியைச் சுரக்கிற செல்கள் எலும்பு மஜ்ஜையில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருக்கும். மூக்கின் ஈரப்படலத்தில் காவல் நிற்கிற ஐஜிஏ ஆன்டிபாடியோ மாதக்கணக்கில் வடிந்துவிடுகிறது.

மழைக்குருவி:
அப்படியென்றால் தட்டம்மை தானாக வந்துபோவதுதானே நல்லது, ஆயுசுக்கும் காப்பு? தடுப்பூசி எதற்கு? சண்டைக்கு இல்லை, வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கண்ணாடிக்குடுவை:
நல்லதில்லை, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தட்டம்மை வைரஸ் குறிவைப்பதே நினைவு செல்களைத்தான். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள், மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தட்டம்மைக்குக் காப்பு கிடைத்தது, பதிலுக்கு வேறு எத்தனையோ காப்புகள் போய்விட்டன. தடுப்பூசியில் இந்த இழப்பு கிடையாது. நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆபத்தெல்லாம் இதற்கு மேல்.

தும்பைப்பூ:
"வந்துபோனால் காப்பு" என்பதே எல்லா நோய்க்கும் பொருந்தாது, அதையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். டெங்குவில் நான்கு வகை, முதல் வகை வந்தவருக்கு வேறொரு வகை வந்தால் பழைய ஆன்டிபாடி வைரஸைக் கொல்லாமல் அதைச் செல்லுக்குள் கொண்டுபோய் விடக்கூடும், அதனால் இரண்டாவது டெங்கு இன்னும் மோசமாகலாம். சின்னம்மை ஆறிவிட்டது என்று நினைப்போம், அந்த வைரஸ் நரம்பு முடிச்சில் ஒளிந்துகொண்டு வயதான பிறகு அக்கியாக வரும். ரண ஜன்னி (டெட்டனஸ்) இன்னும் விசித்திரம். அதன் கிருமி விடுகிற நஞ்சு ஆளையே கொல்லும் அளவு இருந்தாலும் எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடப் போதாது, பிழைத்து எழுந்தவருக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும்.

ஒத்தையடிப்பாதை:
சிரப்பை யாரும் தொடவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மூக்கு ஒழுகுவது, காய்ச்சல், உடம்பு வலி, இதில் பெரும்பகுதி வைரஸ் செய்வதில்லை, உங்கள் பையனின் எதிர்ப்பு சக்தி செய்கிற வேலை. மூளையைத் தூண்டி உடம்பின் வெப்பநிலையை ஏற்ற வைப்பதே வெள்ளையணுக்கள் விடுகிற இரசாயனங்கள்தான். மாதாமாதம் இப்படி ஒழுகுகிறது என்றால் அது தூங்கவில்லை என்றுதான் அர்த்தம், எதைக் கூட்டப்போகிறீர்கள்? ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், அது பாக்டீரியாவுக்கு. காசை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் திரும்பத் திரும்ப நிமோனியா, அடிக்கடி காதில் சீழ், எடை ஏறாமல் நிற்பது, வாயில் ஆறாத வெள்ளைப் படலம், இதில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அப்போது எதிர்ப்பு சக்தியைப் பரிசோதிக்க நியாயமான காரணம் இருக்கிறது. நடுநடுவே ஓடியாடி, சாப்பிட்டு, எடை ஏறுகிறான் என்றால் விட்டுவிடலாம்.

மழைக்குருவி:
எடை ஏறுகிறது, ஓட்டத்துக்கும் குறைவில்லை. சிரப் வாங்கவில்லை. அம்மாவுக்கு ஃபாரோ தீவுக் கதையைப் படித்துக் காட்டினேன், அந்த 73 சதவீதத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.