ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்: பழைய கார்களும் பெட்ரோல் அடைப்பும்

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1923ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் டி ஒன்று இருக்கிறது. அவர் வண்டியில் கை வைக்கும்போதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஆள் நான்தான்.

போன கோடையில் அது ஒரு விளையாட்டு காட்டியது. கொஞ்ச தூரம் ஜோராக ஓடும், அப்புறம் இருமி இருமி நிற்கும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் கதை பேசிக்கொண்டிருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இக்னிஷன் காயிலாக இருக்குமோ என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் முன் சீட்டு மெத்தையைத் தூக்கினார்.

டேங்க் அங்கேதான் இருக்கிறது. பம்பு கிடையாது, டேங்க் உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாகக் கார்புரேட்டருக்கு, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகத்துக்கு, இறங்கும். பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில் ஏறுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், காரணம் இதுதான்: அப்போதுதான் டேங்க் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கும். டேங்குக்கு அடியில் ஒரு கசடுக் கிண்ணம், அதில் வலை, கீழே திறந்து மூட ஒரு சின்னக் குழாய். தண்ணீரும் துருவும் பெட்ரோலைவிடக் கனம், அதனால் அங்கே போய்த் தங்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தோம். காப்பித்தூள் நிறத்தில் துரு, நடுவே செதில் செதிலாக ஏதோ, பாட்டிலின் அடியில் உருண்டு திரியும் தண்ணீர். பெட்ரோல் ஓடும்போது செதில்கள் வலையில் போய் அப்பிக்கொள்கின்றன. ஓட்டம் நின்றதும் உதிர்ந்துவிடுகின்றன. கதை பேசினால் வண்டி சரியாகும் ரகசியம் இவ்வளவுதான்!

நடுவில் ஒரு பேப்பர் ஃபில்டர் மாட்டிவிடலாமே என்றேன். பம்பு தள்ளுகிற வண்டிக்குச் செய்த ஃபில்டர் இதற்கு எதற்கு, இருக்கிற கொஞ்ச அழுத்தமும் அதில் போய்விடும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டேங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஒரு துண்டுச் சங்கிலியும் போட்டுக் குலுக்கினோம். தோள் கழன்றுவிட்டது, ஆனால் வெளியே வந்த குப்பையைப் பார்த்தால் இந்த வண்டி இதுவரை ஓடியதே அதிசயம்.

பதில்:
லண்டனில் ஆஸ்டின் 7 என்ற பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், டேங்குக்குள் போகும் முன்பே வடிகட்டிவிட வேண்டும் என்கிற கட்சி. 1920களில் பம்புகள் பரவும் வரை பிரிட்டனில் பெட்ரோல் பெரும்பாலும் 2 கேலன் டின்களில்தான் விற்றது. டின்னின் துரு, மழைத் தண்ணீர் எல்லாம் இலவச இணைப்பு. அந்தக் காலத்து ஆட்கள் ஷாமாய் என்ற மென்மையான பதனிட்ட தோலைப் பெட்ரோலில் நனைத்துப் புனலில் விரித்து, அதில் ஊற்றுவார்களாம். துணி குப்பையைத்தான் பிடிக்கும். இந்தத் தோல் தண்ணீரையும் விடாது. நண்பர் வேண்டுமென்றே ஒரு மூடி தண்ணீர் கலந்து ஊற்றிக் காட்டினார். பெட்ரோல் இறங்கிவிட்டது, தண்ணீர் மட்டும் தோல்மேல் முத்து முத்தாக நின்றது. ஆனால் ஒன்று, உலோகப் புனலாக இருந்து, அது டேங்கின் உலோகத்தைத் தொட்டபடியே இருக்க வேண்டும். தோல் வழியே பெட்ரோல் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், பொறி பறந்தால் கதை முடிந்தது.

பதில்:
தோல் விஷயம் அருமை, பெரியவரிடம் சொல்கிறேன். வழியில் கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) தூசி சிக்கினால் அவர் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கம்பி இருக்கிறதல்லவா, எஞ்சின் ஓடும்போதே அதை ஒரு சுற்று திறந்து, கொஞ்சம் உறுமவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே திருகுவார். சின்னத் தூசி என்றால் பெட்ரோலோடு போய்விடும். போகாவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடிக்குழாயைத் திறக்க வேண்டியதுதான்.