டி.ஓ. முடித்தவர் கிட்னி ஃபெலோஷிப் போனால் போர்டு எழுத விடுவார்களா?

பாலக்கோடு தம்பி:
வணக்கம். அக்கா மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி டாக்டர் பட்டம் படித்துவிட்டு இப்போது ஒஹாயோவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி பயிற்சியில் இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறாள். அடுத்து நெஃப்ராலஜி, அதாவது கிட்னி வைத்தியம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எங்கள் அப்பா தர்மபுரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்தில் லீவுக்கு வந்திருந்தாள், அவர் கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் என் விரலை வைத்து, ‘மாமா, ரத்தம் ஓடுற அதிர்வு தெரியுதா?’ என்று கேட்டாள், அன்றைக்கு எடுத்த முடிவு. போன வாரம் சொந்தக்காரர் ஒருவர், டி.ஓ. படித்தவர்களை எம்.டி. (அங்கே வழக்கமான டாக்டர் பட்டம்) போர்டுகாரர்கள், அதாவது நிபுணர் சான்றிதழ் தருபவர்கள், பரீட்சைக்கே சேர்க்க மாட்டார்கள், ரெசிடென்சிக்குப் பிறகு எடுக்கும் ஃபெலோஷிப் பயிற்சி வீண் என்று சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நம்ம ஊரில் டி.ஓ. என்றால் கண் மருத்துவ டிப்ளமோ, இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

ஓசூர் அம்மா:
தம்பி, முதலில் அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள். என் பையனும் டி.ஓ.தான். அவன் சேர்ந்தபோது எங்களுக்கும் இதே பயம். ஆபரேஷன், மாத்திரை, லைசென்ஸ் எல்லாம் எம்.டி. மாதிரியேதான், ஐம்பது மாநிலத்திலும் முழு டாக்டர். போர்டு விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

காவேரிப்பட்டணம் டாக்டர்:
அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சொந்தக்காரர் சொன்னது பழைய கதையின் மிச்சம். முன்பு டி.ஓ.க்களுக்கு அவர்களுடைய சங்கமான ஏ.ஓ.ஏ. தனியாக ரெசிடென்சிக்கு அங்கீகாரம் தந்தது, அதை மட்டும் முடித்தவர்களுக்கு இன்டர்னல் மெடிசின் சான்றிதழ் தரும் ஏ.பி.ஐ.எம். போர்டில் சிக்கல் வந்தது உண்மை. 2015 முதல் 2020 வரை படிப்படியாக எல்லாப் பயிற்சியையும் டாக்டர்களின் பயிற்சி இடங்களை அங்கீகரிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் போர்டு பார்ப்பது பட்டத்தை அல்ல, பயிற்சி எடுத்த இடத்தின் அங்கீகாரத்தை.

வரிசை இதுதான். மூன்று வருட ரெசிடென்சி, அப்புறம் ஏ.பி.ஐ.எம். இன்டர்னல் மெடிசின் பரீட்சை, இரண்டு வருட நெஃப்ராலஜி ஃபெலோஷிப், அதன் பிறகு நெஃப்ராலஜி பரீட்சை. முதல் பரீட்சையில் பாஸ் ஆகாமல் கடைசிப் பரீட்சை எழுத முடியாது, இங்கேதான் பல பேர் அசந்துவிடுகிறார்கள். ஜூலையில் ஃபெலோஷிப் தொடங்கிவிடும், பரீட்சையோ ஆகஸ்டில், புது ஆஸ்பத்திரி, ராத்திரி டூட்டி, நடுவில் படிப்பு. மூன்றாம் வருடத்திலேயே தயாராகச் சொல்லுங்கள். சேரப் போகும் ஃபெலோஷிப்புக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. அங்கீகாரம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு தம்பி:
ரொம்ப நன்றி சார். டி.ஓ.க்களுக்கென்று தனி போர்டும் இருக்கிறதாமே, அதுதான் எழுத வேண்டுமா?

காவேரிப்பட்டணம் டாக்டர்:
ஏ.ஓ.பி.ஐ.எம். என்று டி.ஓ.க்களின் இன்டர்னல் மெடிசின் போர்டு இருக்கிறது, கட்டாயமில்லை, விருப்பம். வேலை பார்க்க நினைக்கும் ஆஸ்பத்திரி எதைக் கேட்கிறது என்று பார்த்து முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் ஏ.பி.ஐ.எம். எழுதச் சொல்வேன், ஃபெலோஷிப் பக்கத்தில் எல்லாருக்கும் பழகிய போர்டு அது. ஃபெலோஷிப் விண்ணப்பம் ஜூலையில் போகும், யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்கும் மேட்ச் முடிவு டிசம்பரில். பரிந்துரைக் கடிதம் தரும் நெஃப்ராலஜி டாக்டரிடம் இப்போதே பேசிவைக்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு தம்பி:
அக்காவுக்குப் போனில் முழுக்கப் படித்துக் காட்டிவிட்டேன் சார். இன்று ராத்திரி பிள்ளை கூப்பிடும்போது கடிதத்தைப் பற்றித்தான் முதல் பேச்சு.