விளைச்சல் கூடினால் தூய்மை குறைகிறது: அடுத்த சோதனையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
ஒரு வேதிவினையில் வெப்பநிலை, நேரம், வினையூக்கியின் அளவு மூன்றையும் மாற்றிப் பார்க்கிறேன். சூடு ஏறினால் விளைச்சல் கூடுகிறது. கூடவே பக்கவிளைபொருளும் வந்து தூய்மை இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் சம எடை போட்டுக் கூட்டி, பேய்சியன் ஆப்டிமைசேஷனிடம் (இதுவரை வந்த முடிவுகளை வைத்து அடுத்த சோதனையைச் சொல்லும் முறை) கொடுத்தேன். அது ஏதாவது ஒரு ஓரத்துக்கே போகிறது. எடையை மாற்றினால் எதிர் ஓரத்துக்குத் தாவுகிறது, நடுவில் நிற்பதே இல்லை. மூலப்பொருள் இன்னும் சில டஜன் சோதனைகளுக்குத்தான் வரும்.

பதில் 1:
என்எஸ்ஜிஏ-2 போட்டுப் பாருங்களேன், நல்ல தீர்வுகளைக் கலந்து தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் அல்காரிதம். பல இலக்குகளுக்கென்றே வந்தது.

பதில் 2:
அது நல்ல அல்காரிதம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மதிப்பீடு கேட்கும். கணினி மாதிரிக்குச் சரி, குடுவைக்குக் கட்டாது.

உங்கள் சிக்கல் எடையில் இல்லை, கூட்டலில் இருக்கிறது. மூன்று முடிவுகளை வைத்துப் பாருங்கள்: விளைச்சல் 90, தூய்மை 70, அடுத்தது 70, 90, மூன்றாவது 78, 78. மூன்றில் எதுவும் மற்றொன்றை இரண்டிலும் வெல்லவில்லை, இப்படி எதனாலும் வெல்லப்படாத புள்ளிகளின் வரிசைதான் பரேட்டோ முகப்பு, மூன்றும் அதில் இருப்பவை. ஆனால் மொத்தம் 1 வருகிற மாதிரி எந்த எடை போட்டாலும் முதல் இரண்டில் ஒன்றாவது 80-ஐத் தொட்டுவிடும். 78 ஒருநாளும் தேறாது. பலருக்கு வேண்டியதே அந்த 78தான்!

கூட்டுவதற்குப் பதில், 90, 90 என்ற கனவுப் புள்ளியிலிருந்து எந்த இலக்கில் அதிகம் பின்தங்குகிறோம் என்று பாருங்கள். முதல் இரண்டுக்கும் 20, மூன்றாவதற்கு 12. இப்போது நடுப்புள்ளி ஜெயிக்கிறது. இது செபிஷேவ் முறை. 2006-இல் வந்த பார்ஈகோ என்ற அல்காரிதம் இதைத்தான் எடைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ஹைப்பர்வால்யூம் வழியும் உண்டு: ஒரு ஒப்பீட்டுப் புள்ளிக்கும் முகப்புக்கும் இடையே உள்ள பரப்பைப் பெரிதாக்கும் சோதனையைத் தேடுவது. அதில் ஒப்பீட்டுப் புள்ளியைச் சுழியத்தில் வைக்காதீர்கள். இதற்குக் கீழே போனால் எனக்கு வேண்டாம் என்கிற அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஓரங்களிலேயே சோதனைகள் கரையும்.

பதில் 3:
அதற்கு முன் ஒரே நிலைமையில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். அளவீடே நாலு புள்ளி ஆடினால் 78-க்கும் 80-க்கும் வித்தியாசமே இல்லை.

கேள்வி கேட்டவர்:
தூய்மை 75-க்குக் கீழே போனால் பிரித்தெடுக்கவே முடியாது. இதையும் எடையில் காட்டலாமா?

பதில் 2:
வேண்டாம். அது இலக்கு இல்லை, நிபந்தனை. தனியாகக் கட்டுப்பாடாகவே கொடுங்கள். அப்புறம் 75-க்கு மேலே உள்ள பகுதியில் மட்டும் பேரம் பேசலாம்.