காலேஜ் ஷெட்ல நிக்கிற பழைய புஷ்பக் பிளேன், திரும்பப் பறக்க வைக்க முடியுமா?

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல பசங்க பாத்துப் படிக்கிறதுக்குன்னு எப்பவோ வாங்கிப் போட்ட ஹெச்ஏஎல் புஷ்பக் ஒண்ணு தகர ஷெட்ல நிக்குது. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்கார்ற, ரெக்கை மேல இருக்குற ஹை விங், கான்டினென்டல் சி90 இன்ஜின், 90 குதிரைசக்தி. நான் ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) படிச்சு முடிச்சு லைசென்ஸ் பேப்பர் எழுதிக்கிட்டு இருக்கேன். எடுத்துச் செய்யிறேன்னு கேட்டா நிர்வாகம் குடுக்குற மாதிரி தான் தெரியுது. 1958ல முதல்ல பறந்த டிசைன், பெங்களூர்ல 150க்கு மேல கட்டி நாடு பூரா ஃப்ளையிங் கிளப்புக்குப் போயிருக்கு, எத்தனையோ பைலட் இதுல தான் கத்துக்கிட்டாங்க, அது ஒட்டட புடிச்சு நிக்கிறதப் பாத்தா மனசு கேக்கல. ப்ராப்ப (முன்னாடி சுத்துற விசிறிய) கையால தள்ளுனா இன்ஜின் சுத்துது, அதனால இன்ஜின்ல இருந்து ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறேன். முதல்ல எதுல கை வைக்கணும்? வேல பாத்தவங்க சொல்லுங்க.

பழைய ஹேங்கர்:
தம்பி, முதல் வேலையா அந்த ப்ராப்ப யாரும் தொடக்கூடாதுன்னு ஒரு அட்டை எழுதிக் கட்டுங்க. பிளக்குக்கு தீப்பொறி குடுக்குற மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்ல, சுவிட்ச ஆஃப் பண்றதுன்னா அத எர்த் பண்றது தான், அந்த எர்த் வயர எலி கடிச்சிருந்தா சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோட இருக்கும். சிலிண்டர்ல கொஞ்சம் பெட்ரோல் ஆவி இருந்தா போதும், ஒரு உதை உதைச்சா கை போயிரும். பசங்க நடமாடுற இடம் வேற. அதுபோக பல வருசம் சும்மா நின்ன இன்ஜின்ல சிலிண்டர் உள்சுவர் துரு புடிச்சிருக்கும், காய்ஞ்சபடியே சுத்துனா ரிங் அந்தத் துருவ இழுத்துட்டுப் போயி கோடு போட்ரும். பிளக்க கழட்டி, எண்ணெய் விட்டு, போரோஸ்கோப் (உள்ள விட்டுப் பாக்குற கருவி) விட்டுப் பாத்துட்டு அப்புறம் மத்தது.

ஆனா இன்ஜின்ல ஆரம்பிக்காதீங்க. சி90ல இருந்து வந்தது தான் செஸ்னா 150ல இருக்குற ஓ-200, நிறைய பார்ட் ரெண்டுக்கும் ஒண்ணு, அதனால இன்ஜினுக்கு காசு இருந்தா வழி இருக்கு. புஷ்பக்கோட தலையெழுத்து ரெக்கைல தான் இருக்கு. அமெரிக்காவோட ஏரோன்கா சீஃப் மாதிரியே தான் இது, ரெக்கைய நீளவாக்குல தாங்குற ஸ்பார் ரெண்டும் மரம், குறுக்க வர்ற ரிப் அலுமினியம், பாடி ஸ்டீல் குழாய், மேல துணி. துணிய எப்படியும் உரிச்சுத் தான் ஆகணும், அது நல்லாருக்கா இல்லையான்னு டெஸ்ட் பண்ணி நேரத்த வீணாக்காதீங்க. உரிக்கும்போது மட்டும் கிழிச்செறியாம முழுசா எடுத்து வைங்க, இன்ஸ்பெக்‌ஷன் ஓட்டை எங்க, தண்ணி வடியிற குரோமெட் (ஓட்டைய சுத்தி இருக்குற வளையம்) எங்க, தையல் இடைவெளி என்னன்னு அளவு எடுக்க அது தான் பேட்டர்ன். அந்த குரோமெட்டு அடைச்சிருந்தா ரெக்கைக்குள்ள தண்ணி தேங்கியிருக்கும், அந்த எடத்துல மரத்த ரெண்டு தடவ பாருங்க.

ஸ்பார் பாக்குறப்ப விளக்க நேரா அடிக்காதீங்க. ஷெட்ட இருட்டாக்கிட்டு டார்ச்ச மரத்தோட ஒட்டி சாய்ச்சுப் பிடிச்சு நார் ஓடுற போக்குலயே நகத்திட்டு வாங்க, நாருக்குக் குறுக்க தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அது கம்ப்ரெஷன் கிராக் (மரம் நசுங்கி விழுந்த வெடிப்பு), அந்த ஸ்பார் அவ்வளவு தான். ரெக்கைக்கு முட்டுக் குடுக்குற ஸ்ட்ரட் வந்து மாட்டுற எடத்துல ரொம்ப கவனமா பாருங்க. பாடில வால் பக்கம் கீழ நீளவாக்குல ஓடுற லாஞ்சரான் குழாய், அப்புறம் ஸ்ட்ரட்டோட கீழ்முனை, இந்த ரெண்டு எடமும் உள்ளுக்குள்ளயே அரிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வச்சு குழாய்ச் சுவர் தடிமன் எடுங்க.

கப்பலூர் பட்டறை:
அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. எங்க பக்கம் என்ன செய்யலாம்னு நான் சொல்றேன். ரெக்கைய நிமித்தி வைக்கிற ஸ்டாண்டு, பாடிய உருட்டித் திருப்புற ஸ்டாண்டு இதெல்லாம் இங்க அருமையா அடிச்சுக் குடுப்பாங்க. ஆனா பறக்குற எதையும் லோக்கல்ல வெல்டிங் விடாதீங்க, கேட் அடிக்கிற கை வேற இந்தக் குழாய்க்குத் தேவையான கை வேற, அதுக்குத் தகுதி வாங்குன வெல்டர் தான் வேணும். போல்ட்டும் அப்படித் தான், சிம்மக்கல்ல அதே சைஸ் கிடைக்குதுன்னு வாங்கிராதீங்க, சர்டிஃபிகேட்டோட வர்ற ஏஎன் (விமானத்துக்குன்னே செய்யிற) போல்ட் மட்டும். பெயின்ட் எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் குடுத்தா பிரஷர் கம்மி பண்ணச் சொல்லி பக்கத்துலயே நில்லுங்க, குழாய் ரொம்ப மெல்லிசு.

கோட்டைப்பட்டி:
பேப்பர் பத்தி யாரும் சொல்லலையே. சீரியல் நம்பர் போட்ட டேட்டா பிளேட் ஒட்டியிருக்கா, ஏர்ஃப்ரேம், இன்ஜின், ப்ராப் மூணுக்கும் ஓடுன கணக்கு, ரிப்பேர் கணக்கு எழுதுற லாக் புக் இருக்கான்னு நாளைக்கே பாருங்க. காலேஜுக்குக் குடுத்தப்பவே விடின்னு ஆரம்பிக்கிற இந்திய ரெஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். லாக் புக் இல்லேன்னா அந்த பிளேனோட வரலாறே இல்ல, பறக்கத் தகுதின்னு குடுக்குற ஏர்வொர்த்தினெஸ் சர்டிஃபிகேட் வாங்குறது ரொம்பக் கஷ்டமாயிரும். ஸ்பானர எடுக்குறதுக்கு முன்னாடி சென்னைல டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஆபீஸ்ல போயி பேசிருங்க, கையெழுத்து போடத் தகுதியுள்ள ஏஎம்இ ஒருத்தர ஆரம்பத்துல இருந்தே கூட வச்சுக்கங்க. அவர் பாக்காம மூடுன ரெக்கைய திரும்பத் தொறக்கச் சொல்லுவாங்க, சொல்றதும் நியாயம் தான். நம்பிக்கை இழக்காதீங்க, 1982ல ஜேஆர்டி டாட்டா 78 வயசுல பழைய லெப்பர்ட் மாத் பிளேன எடுத்துக்கிட்டு கராச்சில இருந்து பம்பாய்க்கு ஓட்டிட்டு வந்தாரு. திரும்பச் சரி பண்ணுன ஏர்ஃபோர்ஸ் டைகர் மாத் பிளேன் 2012 அக்டோபர் 8ஆம் தேதி ஹிண்டன்ல பறந்துச்சு.

திருமங்கலத்தான்:
ரொம்ப நன்றிண்ணே. ப்ராப்புல அட்டை இன்னைக்கே கட்டிட்டேன், காக்பிட்டையும் பூட்டியாச்சு. டேட்டா பிளேட் இருக்கு, லாக் புக்க லைப்ரரில தேடச் சொல்லியிருக்கேன். ஒரு சந்தேகம், துணி பருத்தியே போடணுமா, பாலியஸ்டர் போடலாமா?

பழைய ஹேங்கர்:
பாலியஸ்டர் தான் தம்பி. நம்ம ஊரு வெயிலுக்குப் பருத்தி சீக்கிரம் உளுத்துரும். அப்ரூவல் உள்ள சிஸ்டமா பாத்து டிஜிசிஏல முன்னாடியே காட்டி ஒத்துக்க வச்சிருங்க, ஒரு கம்பெனி துணி இன்னொரு கம்பெனி பசைன்னு கலக்கக்கூடாது. இஸ்திரிப் பெட்டி வச்சு சுருக்குறது, கடைசி சூடு 350 ஃபாரன்ஹீட், அதுக்கு மேல போனா துணி தளர்ந்துரும், திரும்ப இறுகாது. பெட்டில இருக்குற நம்பர நம்பாம தெர்மாமீட்டர் வச்சு அளந்துக்கங்க. டோப் (துணி மேல பூசுற வார்னிஷ் மாதிரி) அடிக்கிற சிஸ்டம்னா ஐப்பசி கார்த்திகைல தொடாதீங்க, ஈரக் காத்துல வெள்ளையா பூத்துரும். மாசில அடிங்க, பக்கத்துல பீடி சிகரெட் யாரும் பத்த வைக்கக்கூடாது, அந்த ஆவி குப்புன்னு புடிச்சுக்கும். அதெல்லாம் அப்புறம், லாக் புக் கிடைச்சதும் கடைசி என்ட்ரி என்ன தேதின்னு போடுங்க, ஸ்பார் போட்டோவும் போடுங்க, பாத்துட்டு மேல சொல்றேன்.